லோகோவுக்கு எவ்வளவு, இன்ஜினுக்கு எவ்வளவு: எஸ்யூவி வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

போன வருஷம் தீபாவளி முடிந்த கையோடு திருநெல்வேலியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அத்தான் கூப்பிட்டார். "மாப்ளே, 25 லட்சம் வச்சிருக்கேன். நல்ல எஸ்யூவியா ஒண்ணு சொல்லு. கடை வாசல்ல நிறுத்துனா நாலு பேரு திரும்பிப் பாக்கணும்லா." அக்காவின் கவலை வேறு: வண்டி நடுவழியில் நிற்கக் கூடாது. மகளுக்கு சன்ரூஃப் இருந்தால் போதும்.

அத்தான் மனசில் ஏற்கெனவே ஒரு வண்டி உட்கார்ந்திருந்தது. ஐந்து வருஷம் ஓடிய ஜெர்மன் எஸ்யூவி. மதுரை புரோக்கர் ஒருவர் வாட்ஸாப்பில் படம் அனுப்பியிருந்தார். புதிதாக வாங்கிய விலையில் பாதிக்கும் கீழே சொல்லியிருந்தார். அதே காசுக்குப் புது வண்டி என்றால் நடுத்தர எஸ்யூவிதான் வரும். அடுத்த இரண்டு மாதம் நாங்கள் இருவரும் உட்கார்ந்து போட்ட கணக்கைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். உங்கள் பட்ஜெட் கூடலாம், குறையலாம். கணக்குப் போடும் விதம் மாறாது.

முதல் படி: மவுசுக்கு ஒரு விலை எழுதுங்கள்

"பிராண்டைப் பார்க்காதே, தரத்தைப் பார்" என்று அறிவுரை சொல்வது சுலபம். அப்படிச் சொல்பவர்களும் கல்யாணத்துக்குப் போகும்போது நல்ல வாட்சைத்தான் எடுத்துக் கட்டுகிறார்கள். மவுசு வேண்டும் என்று நினைப்பதில் தப்பில்லை. அதற்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரியாமல் கொடுப்பதுதான் வில்லங்கம்.

ஒரு காகிதம் எடுத்து இந்தக் கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: ஒரே மாதிரி இரண்டு வண்டி, இன்ஜின் முதல் இருக்கை வரை ஒன்றே, லோகோ மட்டும் வேறு. பிடித்த லோகோவுக்காகக் கூடுதலாக எவ்வளவு கொடுப்பீர்கள்? அத்தான் முதலில் "பத்து லட்சம்" என்றார். அக்கா பக்கத்தில் நின்றதால் அது ஐந்தாகி, டீ குடித்து முடிக்கும்போது மூன்றில் வந்து நின்றது. அந்த 3 லட்சத்தை எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

தொழிலையும் சேர்த்துப் பாருங்கள். நிலம் வாங்கி விற்பவர், பெரிய ஒப்பந்தம் எடுப்பவர், அரசியலில் இருப்பவர் இவர்களுக்கு வெள்ளை டொயோட்டா ஃபார்ச்சூனர் என்பது கடையின் பெயர்ப்பலகை மாதிரி. அதைத் தொழில் செலவில் எழுதலாம். பாத்திரக்கடைக்கு வரும் ஆட்கள் வண்டியைப் பார்த்து அண்டா வாங்குவதில்லை. இதைச் சொன்னதும் அத்தான் சிரித்துவிட்டார்.

இரண்டாம் படி: மூன்று சொற்களைப் பிரித்து வையுங்கள்

நிறையப் பேர் கோட்டை விடும் இடம் இது. மவுசு, தரம், நம்பகம் மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி "நல்ல கம்பெனி" என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

மவுசு அடுத்தவர் கண்ணில் இருப்பது. தரம் கையால் தொட்டு உணரக்கூடியது: கதவு சாத்தும் சத்தம், டாஷ்போர்டின் வழவழப்பு, 100 கிலோமீட்டர் வேகத்தில் உள்ளே கேட்கும் காற்றின் இரைச்சல், வளைவில் வண்டி நிற்கும் நிதானம். நம்பகம் இன்று தெரியாது. நாலாவது வருஷம், ஐந்தாவது வருஷம்தான் தெரியும். அத்தான் எவர்சில்வர் பாத்திரத்தைத் தட்டிப் பார்த்தே கனம் சொல்லிவிடுவார். வண்டியின் கதவைத் தட்டிப் பார்த்து கியர்பாக்ஸின் ஆயுளைச் சொல்ல முடியாது.

ஃபார்ச்சூனரையே எடுத்துக்கொள்ளுங்கள். மவுசு உச்சம், நம்பகத்திலும் நல்ல பெயர். ஆனால் அது ஹைலக்ஸ் பிக்கப் வண்டியோடு அடித்தளத்தைப் பகிர்ந்துகொள்ளும் லேடர் ஃபிரேம் வண்டி, அதாவது ஏணி மாதிரி இரும்புச் சட்டத்தின் மேல் உடலைப் பொருத்தியது. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது பின்சீட்டில் இருப்பவருக்கு அது தெரியும். அந்த விலைக்குக் கிடைக்கும் வேறு பல வண்டிகள் இதைவிட மெத்தென்று போகும். மவுசும் நம்பகமும் இருந்து, சொகுசு கம்மியாக உள்ள வண்டிக்கு இது உதாரணம்.

எதிர்த்திசையில் ஒரு உதாரணம். ஃபோக்ஸ்வேகனின் டிஎஸ்ஜி என்ற, தானாகவே மாறும் ஏழு கியர் கியர்பாக்ஸை ஓட்டிப் பார்த்தால் வெண்ணெய் மாதிரி மாறும். அதே கியர்பாக்ஸுக்காக 2013 நவம்பரில் உலகம் முழுக்க சுமார் 16 லட்சம் கார்களை அந்த நிறுவனம் திரும்ப அழைத்து ஆயிலை மாற்றிக் கொடுத்தது. வெக்கையும் ஈரப்பதமும் உள்ள ஊர்களில், நின்று நின்று போகும் நெரிசலில், உள்ளிருந்த சிந்தெடிக் ஆயில் மின்பகுதியில் கோளாறு உண்டாக்கக்கூடும் என்பது காரணம். வெக்கை, ஈரப்பதம், நெரிசல் என்று கேட்டதும் நமக்கு எந்த ஊர் ஞாபகம் வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஜெர்மனியின் நெடுஞ்சாலையில் ஒரு குறையும் இல்லாத பொருள் சென்னை பாடி சிக்னலில் வேறு மாதிரி நடந்துகொள்ளலாம்.

அமெரிக்காவில் ஜே.டி. பவர் நிறுவனம் இதே காரணத்துக்காகத்தான் இரண்டு தனி ஆய்வு நடத்துகிறது. வாங்கிய முதல் 90 நாளில் என்ன குறை வந்தது என்பது ஒன்று, மூன்று வருஷம் ஆன வண்டியில் என்ன குறை என்பது இன்னொன்று. இந்தப் பட்டியல்களை யாராவது அனுப்பினால் ஒன்றைக் கவனியுங்கள். 100 வண்டிக்கு எத்தனை குறை என்றுதான் எண்ணுகிறார்கள். போன் புளூடூத்தில் சேரவில்லை என்பதும் ஒரு குறை, கியர்பாக்ஸ் போனதும் ஒரு குறை. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். தவிர, அங்கே விற்கும் வண்டி வேறு, இங்கே விற்கும் வண்டி வேறு.

மூன்றாம் படி: லோகோவைக் கழற்றிப் பாருங்கள்

எனக்கு ரொம்பப் பிடித்த படி இது. இந்தியச் சந்தையில் ஒரே வண்டி இரண்டு லோகோவோடு விற்பது சர்வசாதாரணம்.

மாருதி கிராண்ட் விட்டாராவும் டொயோட்டா ஹைரைடரும் முகம் மட்டும் மாறிய ஒரே வண்டி. 2022-ல் வந்தபோது இரண்டுமே பெங்களூருக்குப் பக்கத்தில் பிடதியில் உள்ள டொயோட்டா ஆலையிலிருந்துதான் இறங்கின. ஸ்கோடா குஷாக்கும் ஃபோக்ஸ்வேகன் டைகுனும் புனேவுக்குப் பக்கத்தில் சகன் ஆலையில் பிறந்த இரட்டையர். நிசான் மேக்னைட்டும் ரெனோ கைகரும் நம் ஒரகடத்துப் பிள்ளைகள். ஹூண்டாய் கிரெட்டாவும் கியா செல்டாஸும் வேறு வேறு ஆலையில் பிறந்தாலும் அடித்தளமும் இன்ஜினும் ஒரே குடும்பம்.

இன்னும் சுவாரசியம் டீசலில். டாடா ஹாரியர், ஜீப் காம்பஸ், எம்ஜி ஹெக்டர் மூன்றிலும் வந்தது ஃபியட்டின் அதே 2.0 லிட்டர் டீசல் இன்ஜின். "ஜீப் இன்ஜினே தனி சார்" என்று ஷோரூமில் யாராவது சொன்னால் பேசாமல் சிரித்துக்கொள்ளுங்கள். ஹாரியரின் அடித்தளமோ லேண்ட் ரோவரின் டி8-லிருந்து வந்தது. விற்பனையாளர் அதை நாலு தடவை சொல்வார். ஃபியட்டைப் பற்றி ஒரு தடவைகூடச் சொல்ல மாட்டார்.

இதற்கு நேர்மாறும் உண்டு. ஒரே லோகோ, ஒரே பெயர், உள்ளே இரண்டு வேறு வண்டி. கிராண்ட் விட்டாராவிலும் ஹைரைடரிலும் சுஸுகியின் நாலு சிலிண்டர் மைல்டு ஹைபிரிட் (இன்ஜினுக்கு மின்மோட்டார் லேசாகக் கை கொடுக்கும்) ஒன்று, டொயோட்டாவின் மூன்று சிலிண்டர் ஸ்ட்ராங் ஹைபிரிட் (கொஞ்ச தூரம் மின்மோட்டாரிலேயே ஓடும்) ஒன்று. இன்ஜின் வேறு, கியர்பாக்ஸ் வேறு, பழுதாகும் விதமும் வேறு. ஆகவே "இந்த மாடல் நல்லதா?" என்று யாரிடமும் கேட்காதீர்கள். "இந்த மாடலில், இந்த இன்ஜின், இந்த கியர்பாக்ஸ் எப்படி?" என்று கேளுங்கள். நம்பகம் லோகோவில் இல்லை, இந்தச் சேர்க்கையில்தான் இருக்கிறது.

நான்காம் படி: உங்கள் ஓட்டத்தை எழுதுங்கள்

அத்தானின் ஓட்டம்: பாளையங்கோட்டை வீட்டிலிருந்து டவுன் கடைக்கு ஆறேழு கிலோமீட்டர், மதியம் சாப்பாட்டுக்கு வந்து போவது, மாதம் ஒருமுறை திருச்செந்தூர். வருஷத்துக்கு 12,000 கிலோமீட்டர் தாண்டாது.

இந்த ஓட்டத்துக்கு டீசல் எஸ்யூவி வாங்கினால், எந்தக் கம்பெனியாக இருந்தாலும் சிக்கல்தான். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு டீசல் வண்டிகளின் புகைபோக்கியில் டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை எரித்துத் தள்ள அதற்கு நல்ல சூடு வேண்டும். நெடுஞ்சாலையில் இருபது, முப்பது நிமிஷம் ஒரே சீராக ஓடினால் தானாகச் சுத்தமாகிவிடும். டவுன் ஆர்ச்சுக்கும் வண்ணாரப்பேட்டைக்கும் இடையில் தினமும் ஊர்ந்தால் அடைத்துக்கொள்ளும், விளக்கு எரியும், சர்வீஸ் சென்டர் பில் வரும். பிறகு "இந்த பிராண்டே சரியில்லை" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிவோம். தப்பான வேலைக்கு வாங்கிய சரியான வண்டி அது. தினமும் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் ஓடுபவர் கதை வேறு. அவருக்கு டீசல்தான் சரி.

ஐந்தாம் படி: ஷோரூமுக்கு முன்னால் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்

காபி, ஏசி, சோபா எல்லாம் அப்புறம். முதலில் நீங்கள் நினைக்கும் கம்பெனியின் உங்களுக்கு அருகிலுள்ள சர்வீஸ் சென்டருக்கு ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் போங்கள். வண்டி எடுக்க வந்தவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். பேச்சு தானாக வரும்.

பிறகு ஸ்பேர் கவுண்டரில் ஐந்து பொருளின் விலையும், அது கையிருப்பில் இருக்கிறதா என்பதும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: முன் பம்பர், ஒரு ஹெட்லைட், முன் கண்ணாடி, சஸ்பென்ஷன் லோயர் ஆர்ம், ஒரு டயர். நம் ரோட்டில் அடி வாங்கும் பொருட்கள் இவைதான். ஜெர்மன் சொகுசு வண்டிகளில் ஒரு எல்இடி ஹெட்லைட் மட்டுமே ஒரு லட்சத்தைத் தாண்டுவது புதிதில்லை. பல பிஎம்டபிள்யூ மாடல்களில் ரன்ஃபிளாட் டயர் வரும். பஞ்சர் ஆனாலும் கொஞ்ச தூரம் ஓடும் என்பதால் சிலவற்றில் ஸ்டெப்னி இருக்காது. ராத்திரி பதினொரு மணிக்குக் கயத்தாறு தாண்டிப் பக்கச்சுவர் கிழிந்தால் அந்த அளவு டயர் எந்தக் கடையில் கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. என் முந்தைய வண்டி பேர்பெற்ற வெளிநாட்டு கம்பெனியுடையது. பெயர் வேண்டாம். ஒரு சின்ன சென்சாருக்காக 23 நாள் சர்வீஸ் சென்டரில் நின்றது. பொருள் விலை 6,000 ரூபாய். அந்த 23 நாளில் டாக்ஸிக்குக் கொடுத்தது அதைவிட அதிகம். அட்வைசர் ரொம்ப மரியாதையான பையன். தினமும் போன் செய்து "பார்ட் டிரான்ஸிட்ல இருக்கு சார்" என்பான்.

கம்பெனியே ஊரை விட்டுப் போவதும் நடக்கும். ஜெனரல் மோட்டார்ஸ் 2017 கடைசியோடு இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு, தயாரிப்பை நிறுத்தப்போவதாக அறிவித்தது; அடுத்த வருஷம் மறைமலை நகர் ஆலையே முடங்கியது. ஃபோர்டின் எண்டெவர் எஸ்யூவி ஓட்டியவர்கள் இன்றும் அந்த வண்டியைப் பற்றிக் கண் கலங்கப் பேசுவார்கள். வண்டியில் குறையே இல்லை. ஆனாலும் வாங்கியவருக்குத் தலைவலி. விற்பனை எண்ணிக்கை கம்மியாக உள்ள கம்பெனியின் வண்டியை வாங்கும்போது இதையும் தட்டில் வைத்து நிறுங்கள்.

இந்த இடத்தில் அத்தானை அவர் வாயாலேயே மடக்கினேன். குக்கர் வாங்க வரும் பெண்களிடம் அவர் என்ன சொல்வார் தெரியுமா? "பளபளப்பு பாக்காதீங்கம்மா, கேஸ்கெட்டு எந்தக் கடையிலயும் கிடைக்கிற குக்கரா வாங்குங்க." முப்பது வருஷமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஜெர்மன் எஸ்யூவியின் கேஸ்கெட் எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். பதில் இல்லை.

ஆறாம் படி: நல்ல பெயரையும் சந்தேகப்படுங்கள்

நம்பகமும் ஒருவகை மவுசுதான். "டொயோட்டாவா, கண்ணை மூடிட்டு வாங்கு" என்பதும் லோகோவைப் பார்த்து வாங்குவதுதான். 2024-ல் அதே டொயோட்டா, அமெரிக்காவில் டண்ட்ரா பிக்கப்பும் லெக்ஸஸ் எல்எக்ஸும் சேர்த்து ஏறக்குறைய ஒரு லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. இன்ஜின் செய்யும்போது உள்ளே தங்கிய உலோகத் துகள்கள் காரணம். அதே வருஷம் ஜனவரியில் டீசல் இன்ஜின் சான்றிதழ் சோதனையில் முறைகேடு வெளிவந்து, இந்தியாவிலும் ஃபார்ச்சூனர், ஹைலக்ஸ், இன்னோவா கிரிஸ்டா அனுப்புவதைச் சில நாள் நிறுத்தி வைத்தார்கள். இதற்காக டொயோட்டாவை ஒதுக்கச் சொல்லவில்லை. யாருடைய பெயரை நம்பியும் வெற்றுக் காசோலை எழுதிக் கொடுக்காதீர்கள் என்கிறேன்.

என் வழக்கம்: புது மாடல் வந்து ஒரு வருஷமாவது ஆகாமல் தொடுவதில்லை. முதல் ஆயிரக்கணக்கான வண்டிகளில் வரும் சில்லறைக் குறைகளை முதலில் வாங்கியவர்கள் பார்த்துக் கொடுப்பார்கள், நன்றி. அந்த இன்ஜின், கியர்பாக்ஸ் சேர்க்கைக்கு ஏதாவது ரீகால் வந்திருக்கிறதா என்று கம்பெனியின் தளத்திலும், வாகன உற்பத்தியாளர் சங்கமான சியாமின் தளத்திலும் பாருங்கள். உரிமையாளர்களின் புகார்களைப் படிக்கும்போது கோபத்தைப் படிக்காதீர்கள், ஒரே பொருள் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். வேறு வேறு ஊர்க்காரர்கள் 40,000 கிலோமீட்டர் வாக்கில் அதே கிளட்சைப் பற்றி அழுதால் அது கவனிக்க வேண்டிய சேதி.

பாதுகாப்பை லோகோவிடம் கேட்காதீர்கள். குளோபல் என்கேப் என்ற மோதல் சோதனையில் 2021-ல் மஹிந்திரா எக்ஸ்யூவி700 ஐந்து நட்சத்திரம் வாங்கியது. அடுத்த வருஷம் அதே சோதனையில் அப்போதைய கிரெட்டாவுக்கு மூன்றுதான். ஷோரூமில் கூட்டம் கிரெட்டாவுக்குக் குறையவில்லை. 2023 அக்டோபர் முதல் நம் நாட்டுக்கென்றே பாரத் என்கேப் இருக்கிறது. நீங்கள் வாங்கும் மாடலுக்குச் சோதனை நடந்ததா என்று ஒரு நிமிஷம் தேடுங்கள்.

ஏழாம் படி: ஐந்து வருஷக் கணக்கு

ஷோரூம் விலையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை 18 சதவீதம், 20 லட்சத்துக்கு மேல் 20 சதவீதம் ஆயுள் வரி. வண்டி 20 லட்சத்தைச் சற்றே தாண்டினால் அந்தத் தாண்டல் மட்டுமே பல ஆயிரங்களைத் தின்றுவிடும். ஜிஎஸ்டியிலும் ஒரு வேடிக்கை: 2025 செப்டம்பர் 22 முதல் நாலு மீட்டருக்குள் உள்ள வண்டி, பெட்ரோலில் 1200 சிசி, டீசலில் 1500 சிசிக்குள் இருந்தால் 18 சதவீதம், மீறினால் 40. மாருதி பிரெஸ்ஸா நாலு மீட்டருக்குள்தான், ஆனால் 1.5 லிட்டர் பெட்ரோல் என்பதால் 40-ல் மாட்டிக்கொண்டது.

கணக்கு இது: ஆன்ரோடு விலையில் ஐந்து வருஷம் கழித்து விற்கக்கூடிய விலையைக் கழியுங்கள். அதோடு ஐந்து வருஷ இன்ஷூரன்ஸ், சர்வீஸ், எரிபொருள், எக்ஸ்டெண்டட் வாரண்டி சேருங்கள். விற்கும் விலையை யூகிக்காமல், அதே மாடலில் ஐந்து வருஷம் ஆன வண்டி இன்று என்ன விலைக்குப் போகிறது என்று பழைய கார் தளங்களில் பாருங்கள்.

இதில் நம்மவர்கள் மைலேஜுக்குக் கொடுக்கும் இடம் கொஞ்சம் அதிகம். அத்தானின் 12,000 கிலோமீட்டருக்கு, லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால், 12 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டிக்கு வருஷம் ஒரு லட்சம். 15 கொடுத்தால் 80,000. ஐந்து வருஷத்துக்கு வித்தியாசம் ஒரு லட்சம். 20 லட்ச ரூபாய் வண்டியில் மறுவிற்பனை 15 சதவீதம் குறைந்தால் போவது 3 லட்சம். மைலேஜுக்காக இரவு முழுக்கச் சண்டை போடுபவர்கள் ரீசேலை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

எட்டாம் படி: பழைய சொகுசு வண்டி என்ற ஆசை

இப்போது மதுரை புரோக்கரின் வண்டிக்கு வருவோம். ஐந்து வருஷத்தில் வண்டியின் விலை பாதியாகிவிட்டது. ஸ்பேரின் விலை பாதியாகவில்லை. 60 லட்ச ரூபாய் வண்டிக்குச் செய்த கியர்பாக்ஸ், 25 லட்சத்துக்கு வாங்கியவருக்காகத் தள்ளுபடி தராது.

இன்ஷூரன்ஸிலும் ஒரு இடி உண்டு. தேய்மானம் கழிக்காமல் முழுத் தொகை தரும் ஜீரோ டெப் பாலிசி பெரும்பாலும் ஐந்து வருஷத்தோடு நின்றுவிடும். அது இல்லாவிட்டால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதித் தொகைதான் வரும். பம்பர் பிளாஸ்டிக்தான் என்பதை ஞாபகத்தில் வையுங்கள்.

அப்படியும் வாங்கித்தான் ஆவேன் என்றால், கம்பெனி சர்வீஸ் வரலாறு முழுசாக இருக்க வேண்டும், அங்கீகரிக்கப்பட்ட சென்டரில் ஸ்கேன் போட்டு அறிக்கை வாங்க வேண்டும், கம்பெனியே வாரண்டியோடு விற்கும் பழைய வண்டியாக இருந்தால் இன்னும் நல்லது. வண்டி விலையில் பத்தில் ஒரு பங்கை வங்கியில் தொடாமல் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காசு இல்லையென்றால் அந்த வண்டி உங்கள் வசதிக்கு மேலே என்று அர்த்தம். வெள்ளத்தில் நின்ற சென்னை வண்டியா என்று சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து மண் கறை பாருங்கள், கார்ப்பெட்டைத் தூக்கி முகர்ந்து பாருங்கள்.

ஒன்பதாம் படி: ஓட்டிப் பார்ப்பதும் எடுப்பதும்

டெஸ்ட் டிரைவுக்குக் குடும்பத்தோடு போங்கள். விற்பனையாளர் கூட்டிப் போகும் வழுவழு ரோட்டை விட்டு உங்கள் தெருவுக்கு வண்டியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அக்கா பின்சீட்டில் ஏறி இறங்கியே இரண்டு வண்டியை நிராகரித்தாள். முழங்கால் வலிக்காரிக்கு உயரம் ஒத்துவரவில்லை.

பணம் முழுதும் கட்டுவதற்கு முன் வண்டியைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். விற்பனைச் சான்றிதழான படிவம் 21-ல் தயாரித்த மாதமும் வருஷமும் இருக்கும். ஆறு மாதம் யார்டில் வெயில் காய்ந்த வண்டியைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். ஹேண்ட்லிங் சார்ஜ் என்று ஏதாவது எழுதியிருந்தால் எடுக்கச் சொல்லுங்கள், எடுத்துவிடுவார்கள்.

கடைசியில் பட்டியலில் நின்றது ஸ்ட்ராங் ஹைபிரிட்டில் கிராண்ட் விட்டாரா, ஹைரைடர் இரண்டும்தான். ஊருக்குள் ஊரும் ஓட்டம், டிபிஎஃப் தொல்லை இல்லை, ஹைபிரிட் பேட்டரிக்கு 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி. அன்றைக்குக் கிடைத்த தள்ளுபடிகளைக் கழித்தால் டொயோட்டா லோகோ கொஞ்சம் கூடுதல். அத்தான் சட்டைப் பையிலிருந்த காகிதத்தை எடுத்தார். 3 லட்சம் என்று எழுதியிருந்தது. வித்தியாசம் அதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை. "இதுக்குக் கொடுக்கலாம்லா?" என்றார். தாராளமாக, என்றேன்.

வண்டி எடுத்த வாரம் கூப்பிட்டு, நாலு பேர் திரும்பிப் பார்த்தார்களா என்று கேட்டேன். "ரெண்டு பேரு பாத்தானுவ மாப்ளே. ஒருத்தன் மைலேஜ் கேட்டான், இன்னொருத்தன் வண்டியை எடுங்க, லோடு இறக்கணும்னான்."